குணமாகிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தேன்

கடலோரம் கோயில்கொண்டு, கரையேறியோரையும் கரை காணாதோரையும் ஒரே கண்ணால் நோக்கும் அம்மையே, சினத்தோடு எழுதத் தொடங்கும் இந்தக் கை பொய்யின் பக்கம் சாயாமல் காத்தருள்வாய்.

இன்று ஆடிப்பூரம். அம்மைக்கு வளையல் சாத்தும் நன்னாள். புதுச்சேரியில் என் தம்பி வீட்டு மாடியறையில் இருந்து எழுதுகிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும் தம்பி மூன்று நாட்களாக என்னோடு பேசவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் வாழும் பிரான்சு நாட்டுச் சிற்றூரில் இன்றுவரை எனக்குப் பழகாத ஒன்று உண்டு. காலையில் ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர்கள், மழையைப் பற்றிப் பேசும் அதே குரலில் தம் மனநோயையும் பேசுவார்கள். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள், கடைத் தொலைக்காட்சியில் மலைபோன்ற உடம்புடைய ரக்பி வீரர் ஒருவர், தமக்குத் ‘தெப்ரெசியோன்’ எனும் மனச்சோர்வு நோய் என்றும், ஆட்டத்துக்கு முன் கழிவறையில் ஒளிந்து அழுததுண்டு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கார மதாம் ரொட்டியைத் தாளில் சுற்றியபடி, “பாவம், நன்றாகச் சொன்னார். உங்கள் நாட்டில் எப்படி, மெஸ்யே?” என்று கேட்டார். “எங்களுக்குக் கோயில் இருக்கிறது” என்றேன், சற்றே நிமிர்ந்து. கோயில் என்றால் ஒருவகை மருத்துவ இல்லம் என்று அவர் எண்ணிவிட்டார். “அப்படியா! மனம் நொந்தவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்வீர்களா? எவ்வளவு நல்ல ஏற்பாடு!” என்றார். எப்படித் திருத்துவது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

என் தம்பி மகன் குமரன் தொழில்முறைக் கபடி வீரன். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிரணி எல்லைக்குள் புகுந்து, ஆளைத் தொட்டு, மூச்சு அறுபடுமுன் திரும்புவது அவன் வேலை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் தம்பியின் பிள்ளை, பெரிய நகரத்து அணி ஒன்றுக்கு ஆடினான். ஊரே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்தது. இவ்வாண்டு எங்கள் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், வடம் பிடிக்குமுன் அவன் தலையில் பரிவட்டம் கட்டுவதென்று விழாக்குழு முடிவு செய்து, நோட்டீசில் பெயரையும் அச்சடித்தது. ஊருக்குப் பெயர் தேடித் தந்தவருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் மரியாதை அது.

பிறகு அவன் ஒரு பேட்டியில் பேசினான். “ரெய்டுக்குப் போறதுக்கு முன்னாடி கை நடுங்குது. பாட்டு வாயில வரல. ஒரு மாசமாத் தூங்கல. மனநல டாக்டர்கிட்ட போறேன், மாத்திரை சாப்புடுறேன். இந்த சீசன் ஆடல. இதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல” என்றான். மறுநாளே நோட்டீசில் அவன் பெயர்மீது வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். முழங்கால் நார் அறுந்து அவன் ஓராண்டு படுத்திருந்தபோது பழக்கூடையோடு வந்த அதே கைகள்தாம் பசை தடவின.

நான் வந்து இறங்கிய அன்று அவனோடு துறைமுகத்தருகே தேநீர் குடிக்கப் போனேன். கடையில் இருந்த ஒருவர், “என்னா குமரா, இப்ப ரெய்டு போனா திரும்பி வருவியா, இல்ல அப்படியே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?” என்றார். “அங்கதாண்ணே. உனக்கும் ஒரு டோக்கன் போட்டு வக்கிறேன், வரிசையில நிக்க வேணாம்” என்றான் அவன். கடை சிரித்தது. அவன் மட்டும் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று மாலை விழாக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். தம்பி கைகட்டி நின்றான். தலைவரோ என்னைப் பார்த்தே பேசினார். “பெரியவரே, உங்களுக்குத் தெரியாததில்ல. மனசு கலைஞ்சவன் தலையில பரிவட்டம் ஏறக்கூடாது. ஆனா நம்ம புள்ள. ஒரு வழி இருக்கு. ‘அம்மன் அருளால குணமாயிட்டேன், மாத்திரைய நிறுத்திட்டேன்’னு மைக்ல ஒரு வார்த்த சொல்லட்டும். கட்டிடலாம். நீங்களே நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க. பதிகமும் நீங்கதான் பாடணும்.”

எழுதிக் கொடுத்தேன். வாசகர்களே, இதை நான் மறைக்கவில்லை. பதிகங்களை ஓதி ஓதிப் பண்பட்டதென்று நான் செருக்குற்றிருந்த என் தமிழ், ஒரு பொய்யை எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவனை ஊர் இன்னும் மதிக்கிறது என்ற மயக்கம் எனக்கு.

குமரன் தாளை இருமுறை படித்தான். “நல்லா எழுதியிருக்கீங்க பெரியப்பா. ஆனா இது யாரப் பத்தி?” என்றான்.

தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தான். பிறகு சொன்னான். “பேட்டி வந்தப்புறம் நம்ம ஊர்லயே ரெண்டு பேரு எனக்கு ரகசியமா மெசேஜ் போட்டாங்க, அவங்களும் மாத்திரை சாப்புடுறாங்களாம். நான் நிறுத்திட்டேன்னு மைக்ல சொன்னா அவங்களும் நிறுத்திடுவாங்க. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா?”

“அம்மன் பாத்துக்குவா” என்றான் தம்பி.

“பயிற்சி முகாம்ல இருந்து உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன், ஞாபகம் இருக்கா பெரியப்பா? நூத்தியெட்டு தடவ நாமம் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். மனசார சொன்னேன். நூத்தியொம்பதாவது தடவ டாக்டருக்குப் போன் பண்ணேன்.”

அந்த அழைப்பு என் நினைவில் இருந்தது. “மூச்சு முட்டுது பெரியப்பா” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அம்மையின் நாமத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவன் பேசி முடிக்கும்வரை கேட்கவில்லை. பக்தி என்று நான் நினைத்தது, செவியை மூடிக்கொள்ளும் சாமர்த்தியம்.

எனக்குச் சினம் பொங்குவது இங்கேதான். நாம் நாள்தோறும் ஓதும் பாடல்களைப் பாடியவர்கள் யார்? உறக்கம் தொலைத்தவர்கள், மெய் நடுங்கியவர்கள், வாழவே விருப்பமின்றித் தரையில் புரண்டு அழுதவர்கள். ஒருவரும் மறைக்கவில்லை, தம் நோவை இறைவன் முன்னும் ஊர் முன்னும் வாய்விட்டுச் சொன்னார்கள். அதைப் பண்ணமைத்து, பட்டில் சுற்றி, கண்ணீர் மல்கப் பாடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை அதையே சொன்னால் வெள்ளைத்தாள் ஒட்டுகிறோம். நோவைச் சொன்னவர் இறந்து பல நூற்றாண்டு கழிந்தால்தான் நமக்குக் காது கேட்குமா? புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களே, நம் சங்கங்களில் முற்றோதலுக்குக் கூடும் நம்மிடையே இப்படி எத்தனை பேர் வாய்மூடி அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

தேர் நாளன்று குமரன் மேடை ஏறவில்லை. என்னைப் பதிகம் பாட அழைத்தார்கள். நான் ஒலிபெருக்கி முன் நின்று, குமரன் குணமாகிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தது என் பிழை என்றேன். அவன் மருந்து உண்கிறான், இனியும் உண்பான், மருத்துவர் கையிலும் அம்மை இருக்கிறாள், மருந்து உண்ணும் எவரும் அதை நிறுத்த வேண்டாம் என்றேன். கடைசிச் சொற்கள் எவருக்கும் கேட்டிரா. தலைவர் கண்காட்ட, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். மேளம் முழங்கியது. பரிவட்டம் ஒரு திருமண மண்டப உரிமையாளரின் தலைக்குப் போயிற்று.

மேடையை விட்டு இறங்கினேன். தம்பி எங்களைப் பாராமல் வடம் பிடிக்கப் போனான். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றருகே குமரனோடு நின்றேன். நெஞ்சில் விழாக்குழு அட்டை குத்திய தொண்டர் ஒருவர் என் கால்சட்டையையும் காலணியையும் பார்த்து, “ஐயா, வெளியூர்க்காரங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க” என்றார்.

“அவரு இந்த ஊருதாண்ணே. நான்தான் வெளியூரு” என்று சிரித்த குமரன், கயிற்றைத் தூக்கித் தானே முதலில் வெளியே போனான். பின்னால் நானும் போனேன்.

தேர் அசைந்து எங்கள் நேரே வந்தது. குமரன் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்தான். காலை வேளை மாத்திரை. “இதக் கொஞ்சம் புடிங்க பெரியப்பா” என்று தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கழற்றி என்னிடம் தந்தான். ஊர் பார்க்க, அம்மை பார்க்க, மாத்திரையை விழுங்கினான். அவளைக் கும்பிட என் இரு கைகளும் எழுந்தன. ஒன்றில் மூடி இருந்தது. அதோடு சேர்த்தே கும்பிட்டேன்.

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும், தாய்மண்ணில் இருந்தாலும் அயல்மண்ணில் இருந்தாலும், நல்லுறக்கம் பெறுக. நோவைச் சொல்ல நாவும், சொன்னால் கேட்கச் செவியும் உங்கள் இல்லந்தோறும் அமைக. அம்மை உங்களைக் கயிற்றின் இருபுறமும் காப்பாளாக.