அக்காவின் ஃபிரிட்ஜில் இரண்டு பாட்டில்கள்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரிடம் ஒரு முறையாவது தலையைக் கொடுத்தவர்கள். மற்றவர்கள் அவர் வீட்டில் கஸ்டர்டு சாப்பிட்டவர்கள். அவருடைய ஒரே தம்பி என்பதால் இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இளவயதிலேயே எல்லாம் காலி. அக்காவின் தொழிலுக்கு நான் ஒருநாளும் நல்ல விளம்பரமாக இருந்ததில்லை. "நீ வந்தா முன் ரூம்ல உக்காராதடா, கஸ்டமருங்க பயந்துக்கறாங்க" என்பார். அதனால் எனக்கு எப்போதும் சமையலறையில்தான் இடம். அங்கே உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது எல்லாம் பெங்களூரு ஜோகுபாளையத்தில்தான். எங்கள் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, அல்சூரில் ஒரு மரக்கடையில் இருந்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பத்தாவது முடித்திருந்த அக்கா, பிரேசர் டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வெட்டிய முடியைக் கூட்டி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கத்தரிக்கோல் அவர் கைக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் டிப்ளமோ படித்தேன், எங்கள் அம்மாவுக்குக் கடைசி வரை வைத்தியம் நடந்தது. எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, நான் சந்தாபுராவில் குடியேறிய பிறகுதான் அக்கா தன்னைப் பற்றி யோசித்தார். அதற்குள் பெண் பார்க்க வருகிறவர்கள் வயதைக் கேட்டுவிட்டு காபியை மட்டும் குடித்துவிட்டுப் போகிற கட்டம் வந்திருந்தது.

எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். பெயர் சுகந்தி. கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. மாமா வீட்டின் முன் அறையில் ஒரு பெரிய கண்ணாடியும் சுழல் நாற்காலியும் போட்டு, அக்கா சொந்தமாகப் பார்லர் தொடங்கினார்.

முடி விஷயத்தில் அக்கா யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து மில்லில் அரைத்து வருவார். ஷாம்புதான் வேண்டும் என்பவர்களுக்கு நுரை குறைந்த ஒன்றை வைத்திருந்தார். அதையும் மக்கில் கரைத்துத்தான் ஊற்றுவார். "தலை என்ன இட்லிப் பாத்திரமா, நேரா போட்டுத் தேய்க்க?" என்பது அவர் கேள்வி. ஈரத் தலையைத் துண்டால் அடித்துத் துவட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெரிய பல் வைத்த மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலே போக வேண்டும். எண்ணெய் என்றால் செக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும். கடையில் விற்கும் பச்சை நிற வாசனை எண்ணெயைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். "சென்ட்டு, எண்ணெய் வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்பார்.

ஐ.டி. கம்பெனிப் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். "ஊர்ல இருந்தப்ப இவ்ளோ இருந்துச்சு ஆன்ட்டி, பெங்களூரு போர் தண்ணி பட்டு எல்லாம் போச்சு" என்று விரல்களைக் குவித்துக் காட்டுவார்கள். "தண்ணியும்தாம்மா. விடிய விடிய போன் பாக்கறதும்தான்" என்பார் அக்கா. கன்னடத்தில் கேட்பவர்களுக்குக் கன்னடத்தில் இதே பதில் போகும். கேட்டவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த மாதமும் வந்தார்கள்.

அவர் செல்லமாக வைத்திருந்தது செம்பருத்திக் கூழ். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கொழகொழவென்று வரும்போது செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டு, வடிகட்டி ஆறவைப்பார். கருஞ்சிவப்பாக, தளதளவென்று இருக்கும். தலையில் தடவிக் கொஞ்ச நேரம் கழித்து அலசினால் முடி பட்டு மாதிரி வழியும். கெட்டுப் போகாமலிருக்க அதை ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பார்.

அதே ஃபிரிட்ஜில், அதே தட்டில், அதே மாதிரி ஊறுகாய் பாட்டிலில், ஏறக்குறைய அதே நிறத்தில் இன்னொன்றும் இருக்கும். அதுதான் நீங்கள் கஸ்டர்டு மேலும் ஐஸ்கிரீம் மேலும் ஊற்றிச் சாப்பிட்ட திராட்சை சாஸ். துக்கம் விசாரிக்க வந்த வீட்டிலேயே சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிச் செய்முறை கேட்டார்கள். தயங்க வேண்டியதில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். பன்னீர் திராட்சைதான் வேண்டும். பச்சைத் திராட்சையில் இந்த நிறமும் வராது, வாசனையும் வராது. தள்ளுவண்டியில் குலையிலிருந்து உதிர்ந்து கிடப்பதே போதும். கழுவி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, தோல் வெடிக்கும் வரை வேகவிட வேண்டும். கரண்டியால் மசித்து வடிகட்டி, தோலையும் கொட்டையையும் நீக்கிவிட்டு, புளிப்புக்குத் தகுந்தாற்போல் சர்க்கரை போட்டு மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். சோள மாவு போட்டால் சீக்கிரம் கெட்டியாகுமே என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "போடலாமே. அப்புறம் அதை வச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றார் அக்கா.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் எந்தப் பாட்டிலையும் எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். சுகந்திக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவள் அந்த இரண்டையும் தொட்டதே இல்லை.

சுகந்திக்கு முழங்கால் வரை நீண்ட முடி. அவளுடைய அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்தது. அந்த அம்மா போன பிறகு யாரையும் தலையைத் தொட விடமாட்டாள். தானே எண்ணெய் தடவி, தானே பின்னிக்கொள்வாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே இருக்கும். உள்ளே சிக்கு அப்படியே இருக்கும். அந்த வட்டாரமே நம்பித் தலையைக் கொடுத்த என் அக்கா, தன் வீட்டில் ஒரு குழந்தை கோணல் பின்னலோடு தினமும் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அக்காவை ஆன்ட்டி என்றுதான் அழைத்தாள். பார்லருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அழைப்பது போல. சாஸ் ஊற்றிய கஸ்டர்டை முன்னால் வைத்தால், "எங்க வீட்ல இதெல்லாம் சாப்பிட மாட்டோம்" என்று நகர்த்திவிடுவாள். அவள் உட்கார்ந்திருந்தது அவள் வீட்டில்தான். அந்தச் சொல் அக்காவுக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாளு புடிச்சு உக்கார வச்சு வாரி விடுக்கா" என்றேன்.

"புடிச்சு வாரினா சீப்புல முடிதான்டா வரும். அவளா வரணும்."

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "அம்மான்னு கூப்பிடணும்னு ஆசை இல்லாம இல்லடா. ஒரு தடவ காதுல கேட்டா நல்லாத்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்க முடியுமா?"

சுகந்தி ஐந்தாவது படிக்கும்போது பள்ளியில் ஆண்டு விழா வந்தது. நடனத்தில் அவளும் இருந்தாள். அன்று காலை நானும் அங்கே இருந்தேன். முன் அறையில் அக்கா ஒரு பெண்மணிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று குளியலறையிலிருந்து "ஆன்ட்டி" என்று ஓர் அழுகுரல். அந்த வீட்டில் சுகந்தி அக்காவைத் தானாக உதவிக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. அக்கா கத்தரிக்கோலை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணி, கத்தரிக்கோலையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். பார்லருக்கு வருகிற பெண்களின் தலை அந்தக் கருஞ்சிவப்புக் கூழைப் பூசி அலசிய பிறகு மினுமினுப்பதை, சுகந்தி திரைக்குப் பின்னாலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். விழாவுக்குத் தன் தலையும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை. கேட்பதற்கு வீம்பு. ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், வேர் முதல் நுனி வரை முழுவதையும் பூசிவிட்டாள். பூசியது திராட்சை சாஸ். அது நெற்றியில் வழிந்து உதட்டில் பட்டு இனித்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. அதற்குள் முடி கற்றை கற்றையாக ஒட்டிப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் வலிக்கிறது, விட்டால் எறும்பு வருகிறது.

அக்கா சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெந்நீரே முடிக்கு எதிரி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், சர்க்கரை கரைய வேண்டுமே என்று என்னை வெதுவெதுப்பாகத் தண்ணீர் சுடவைக்கச் சொன்னார். நான் வாளியோடு கதவருகே போனபோது உள்ளே பேச்சுக் கேட்டது.

"திட்டுங்க" என்றாள் சுகந்தி.

"எதுக்கு? நல்ல திராட்சதான் போட்டிருக்கற. இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா தலை மேலயே கஸ்டர்டும் வச்சிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. நான் வாளியை உள்ளே நகர்த்தினேன், அக்கா தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். பிறகு மெதுவாக, "இப்டி கழுவினா எங்கம்மா வாசன போயிடுமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவளுடைய அம்மா தடவிவிட்ட எண்ணெயின் வாசனை தலையில் இருந்தால் அம்மா பக்கத்தில் இருப்பது போல அவளுக்கு. வேறு யாராவது கை வைத்தால் அது மாறிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

"போவாது" என்றார் அக்கா. "அது எந்த எண்ணெய்னு காட்டு. காஞ்சதும் அதையே தடவி விடறேன்."

அது பச்சை நிற வாசனை எண்ணெய். அன்று தலை காய்ந்ததும் அக்கா அதையே தடவி, நேராக வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு சுகந்தி பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை, செக்கு எண்ணெய்க்குப் பக்கத்தில் அந்தப் பச்சை பாட்டிலும் அலமாரியில் இருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டால், "அது என் கொள்கை இல்ல, எங்க வீட்டுக் கொள்கை" என்பார். கஸ்டர்டையும் சுகந்தி சாப்பிடத் தொடங்கினாள். சாஸை மட்டும் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி நக்குகிற அளவுக்குப் போனாள்.

ஆனால் அன்றே அவள் அம்மா என்று அழைத்துவிடவில்லை. மறுநாளும் இல்லை. கல்லூரிக்குப் போனாள், வேலைக்குப் போனாள், அதே ஆன்ட்டிதான். நாக்கு பழகிவிட்டது என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அக்காவுக்கு இதயம் பலவீனமான பிறகு அவரும் மாமாவும் பார்லரை மூடினார்கள். சுகந்தி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் பேசுவாள். இடையில் எழுந்து மாத்திரை கொடுப்பாள். சீயக்காய் கரைத்து அக்காவுக்குத் தலை அலசி, பனியன் துணியால் ஒற்றி, நுனியிலிருந்து சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். "பின்னல் கோணலா இருக்கு" என்று அக்கா குறை சொல்வார். "உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன் ஆன்ட்டி" என்று பதில் வரும். ஒரு விடியற்காலையில், சுகந்தியின் கையைப் பிடித்தபடி தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். வலி இல்லாமல் போனார் என்பதில் எங்களுக்கு ஆறுதல். ஆனால் எனக்கு ஒரு குறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை காதில் கேட்டால் நன்றாயிருக்கும் என்று அவர் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்காமலே போய்விட்டாரே என்று.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதெல்லாம் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு, பொறுமையாகப் பேசிய டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு, குடியாத்தத்திலிருந்து வந்து நின்ற உறவினர்களுக்கு, தலையை மட்டுமல்லாமல் மனதையும் கொடுத்த பார்லர் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

முதலில் எழுதியபோது இந்த வரிசையின் கடைசியில், "பெற்ற மகளாக இருந்து பார்த்துக்கொண்ட சுகந்திக்கு எங்கள் நன்றி" என்று ஒரு வரி இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் முகம் மாறியது. பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

"எங்கம்மாவை நான் பாத்துக்கிட்டதுக்கு, எனக்கு நன்றி சொல்ல நீங்க யாரு மாமா?" என்றாள்.

வரியை எடுத்துவிட்டேன்.