ஏழு மணிப் பச்சைப் பொத்தான்

அடுத்தவர் விரலை உற்றுப் பார்ப்பதுதான் கோகிலவாணியின் உத்தியோகம். மும்பை செம்பூரில் ஆறு மேஜைகள் மட்டுமே உள்ள ஒரு கம்பெனி அதற்காகவே அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. போனில் ஓடும் செயலி ஒன்றைப் புதிதாகச் செய்தால், ஊருக்குக் கொடுக்கும் முன் அதைப் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் கொடுப்பார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தப்பாக அழுத்துகிறது, எந்த இடத்தில் கடுப்பாகி போனைக் கீழே வைக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவாள். அவள் குறிப்பைப் பார்த்து ஆபீசில் எழுத்தைப் பெரிதாக்குவார்கள், பொத்தானை இடம் மாற்றுவார்கள்.

தாராவியில், தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவள். நாகராஜைக் கட்டிக்கொண்டு செம்பூருக்குக் குடிபோய் நான்கு வருடம் ஆகிறது. மற்ற ஆட்கள் தாராவிக்குள் வழி தெரியாமல் முழிக்கும்போது அவள் நேராக ஒரு வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தமிழிலேயே பேசி வேலையை முடித்துவிடுவாள். ஆபீசில் அதனால் அவளுக்குத் தனி மதிப்பு. "வாய்ட்ட கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. விரல்தான் பொய் சொல்லாது" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவாள். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்காரி என்ற நினைப்பும் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இந்த வருடம் தை மாதம் அவர்கள் கைக்கு வந்தது ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் வேலை. இருதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர்கள் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அது பொல்லாத மாத்திரை. குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளே எங்காவது கசியும். அதனால் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து டாக்டர்கள் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் செயலி மணி அடிக்கும். 'சாப்பிட்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான், 'சாப்பிடவில்லை' என்று ஒரு சாம்பல் பொத்தான். எதை அழுத்தினாலும் அது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் போய் நிற்கும்.

முதலில் இரண்டு பொத்தானும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வயதானவர்கள் தடுமாறினார்கள். பச்சையைப் பெரிதாக்கி, சாம்பலை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடலாம் என்று யோசனை சொன்னவள் கோகிலவாணி. அழுத்தும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கட்டும் என்று சொன்னதும் அவள்தான்.

மாற்றிய செயலியைப் பார்க்க ஆஸ்பத்திரி கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி அவளுடைய சொந்தச் சித்தி பேராச்சி. ஐம்பத்திரண்டு வயது. போன வருடம்தான் வால்வு மாற்றியது. மகன் மாரிக்கண்ணனுக்கு வேலை நவி மும்பை நெருளில் என்பதால் அங்கேயே தங்கிவிட்டான். சித்தி தாராவியில் தனியாக இருந்துகொண்டு, சாயங்காலம் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்வந்தாள்.

"சித்தி, இத அழுத்துங்க பாப்போம்."

பேராச்சி அழுத்தினாள். இரண்டே வினாடி.

"எப்படி இருக்கு?"

"நீ செஞ்சது நல்லா இல்லாமயா இருக்கும்? சோக்கா இருக்குட்டி" என்றாள் சித்தி.

பன்னிரண்டு பேரும் தப்பில்லாமல் அழுத்தினார்கள். ஆனால் கடைசி நாள் பானுமதி என்ற நோயாளியின் வீட்டில் ஒன்று நடந்தது. பானுமதி அடுப்படியில் இருந்தபோது மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் இருந்தபடியே கையை நீட்டிப் பச்சையை அழுத்திவிட்டுப் போனாள். பானுமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோகிலவாணிக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்தச் சந்துகளில் கதவு சாத்துவது தூங்கும்போதுதான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இவள் போய் இறக்கி வைப்பாள், போன் அடித்தால் இவள் போய் எடுப்பாள். அவளே சின்ன வயதில் எத்தனை வீட்டுப் போனை எடுத்திருக்கிறாள். இருந்தாலும் பழக்கதோஷத்தில், 'பொத்தானை நோயாளியல்லாத வேறொருவர் அழுத்தினார்' என்று ஒரு வரி எழுதி வைத்தாள்.

முதலாளி அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர், சாது. அறிக்கையைப் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு வந்திருக்கு, பிரமாதம். இந்த ஒரு வரி என்னம்மா? இது முக்கியம்னா இன்னும் பத்து நாள் எடுத்துண்டு பாத்துடலாம். நீ சொல்லு."

அவர் கேட்டார். அதை மறைக்கக்கூடாது. பத்து நாள் தருகிறேன் என்றுதான் மனுஷர் கேட்டார். கோகிலவாணிதான் யோசித்தாள். அவள் பெயர் மட்டும் தனியாக மேலே போட்டு வெளியே போகப்போகும் முதல் அறிக்கை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"பக்கத்து வீட்டு ஹெல்ப்தான் சார். பெரிசா ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, அவள் கையாலேயே அந்த வரியை அழித்தாள்.

பங்குனியில் செயலி ஆயிரத்துச் சொச்சம் பேர் கைக்குப் போனது. ஆஸ்பத்திரியில் ஏகக் கொண்டாட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுவதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. அனந்தநாராயணன் ஆபீசுக்கு ஜாங்கிரி வாங்கிவந்தார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சித்தியைப் பார்க்கப் போனாள். சித்தி ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாற்பத்தொரு நாள் விரதமாம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் பாலும் பழமும் மட்டும்.

"ஒடம்பு தாங்குமா சித்தி?"

"ஆத்தா பாத்துக்கிடுவா. வால்வு மாத்தும்போது நேந்துக்கிட்டது. செய்யாம இருக்க முடியுமா?"

"மாத்திரை?"

"சாப்பிடுதேன், சாப்பிடுதேன். டாக்டரு இப்ப ஒண்ண ஒண்ணரையா ஆக்கிட்டாவ. ரத்தம் இன்னும் கெட்டியா இருக்காம்."

கோகிலவாணி சித்தியின் போனை எடுத்துப் பார்த்தாள். மாதம் முழுக்க வரிசையாகப் பச்சை. ஒரு நாள்கூட விடவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவளுக்கு ரத்தம் ஏன் கெட்டியாக இருக்க வேண்டும்? கேட்டிருக்கலாம். எழுந்து அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்திருக்கலாம். அவள் பச்சையைப் பார்த்தாள், பச்சையை நம்பினாள், பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய்விட்டாள்.

கொடை முடிந்து பத்துப் பதினோரு நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை மாரிக்கண்ணன் நெருளிலிருந்து போன் பண்ணினான். "அம்மா பேச்சே சரியில்லக்கா. தலவலின்னு வேலைக்கும் போவலியாம். நான் கெளம்பி வர லேட்டாவும், நீ எட்டிப் பாத்துட்டு வாயேன்." ஆபீசிலிருந்து நேராகப் போனாள்.

சித்தி பாயில் படுத்திருந்தாள். விளக்கைப் போட்டதும் கோகிலவாணிக்குத் திக்கென்றது. இரண்டு கையிலும் யாரோ அடித்துப்போட்டது மாதிரி கன்றிப்போன நீலத்திட்டுகள். தலையணை உறையில் ரத்தக்கறை. பல் ஈறிலிருந்து இரண்டு நாளாகக் கசிகிறதாம்.

"சூடு புடிச்சிருக்கும்ட்டி. சரியாயிரும்" என்றாள் சித்தி. நாக்கு கொஞ்சம் குழறியது.

அப்போது மணி ஏழு. அலமாரி மேல் சார்ஜில் கிடந்த போன் கத்த ஆரம்பித்தது. கோகிலவாணி எழுவதற்குள் பக்கத்து வீட்டு ராபியா உள்ளே வந்தாள். வீட்டிலேயே தோல் பை தைப்பவள். கையில் ஊசி நூலோடு வந்து, திரையைப் பார்க்காமலே கட்டைவிரலால் பச்சையை ஒரு தட்டுத் தட்டினாள். மணி நின்றது.

"ராபியாக்கா, என்ன பண்ணுறீங்க?" கோகிலவாணியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அட, நீ வந்திருக்கியா வாணி? இது தெனமும் உள்ள ரோதனைதான். திருட்டுப் போயிரும்னு அக்கா போன வூட்லயே வச்சிட்டு வேலைக்கிப் போயிரும். இது ஏழு மணிக்கிக் கத்தும் பாரு, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா! எம்மவ பரீட்சைக்கிப் படிக்கா. அதான் நானே வந்து பந்த் பண்ணிட்டுப் போறது."

"தினமுமா?"

"ஆமா. மாசக்கணக்கா நாந்தான். என்ன, தப்பா?"

கோகிலவாணி பாயருகே உட்கார்ந்து சித்தியின் முகத்தைத் திருப்பினாள்.

"சித்தி, விரத நாள்ல மாத்திரை சாப்பிட்டீங்களா? நெசத்தச் சொல்லுங்க."

"சாப்பாட்டுக்குப் பொறவு போடணும்னுல்லா சொன்னாவ. சாப்பாடே இல்லாதப்போ எப்படிட்டி போட? வெறும் வயித்துல மாத்திர போட்டா குடலு வெந்துராதா?"

"டாக்டர் கேட்டப்போ?"

"தெனமும் சாப்பிடுதியான்னு கேட்டாவ. ஆமான்னேன். அவ்வளவு பெரிய மனுசிய, நம்ம உசிரக் காப்பாத்துனவுக. மூஞ்சிக்கு நேரா இல்லன்னா சொல்ல முடியும்?"

வாரத்தில் மூன்று நாள் மாத்திரை இல்லை. கம்ப்யூட்டரில் ஏழு நாளும் பச்சை. தலைமாட்டில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தால், ரத்தம் இளகவில்லையே என்று டாக்டர் ஒன்றை ஒன்றரையாக்கி, ஒன்றரையை இரண்டாக்கியிருந்தாள். இப்போது விரதம் முடிந்துவிட்டது. தினமும் சோறு, தினமும் இரண்டு மாத்திரை. யார்மேலும் குற்றமில்லை, எல்லாரும் நல்லதைத்தான் செய்தார்கள், கோகிலவாணி ஒருத்தியைத் தவிர. சித்தியைத் தூக்கி உட்காரவைக்க ராபியாவிடம் சொல்லிவிட்டு, டாக்சி பிடிக்கச் சந்து முனைக்கு ஓடினாள்.

டாக்சியில் போகும்போது சித்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சயான் தாண்டும்போது வலது கை தொங்கிவிட்டது. ராபியா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு துஆ ஓதிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு இந்தியில் சொன்னாள்: "இந்த அளவு மூணு வாரமா சாப்பிடறாங்க. ஒரு நாள்கூட விடலை. அப்போ காரணம் வேற ஏதோ. விழுந்தாங்களா? வேற மருந்து ஏதாவது?"

"அது பொய் டாக்டர். அவங்க அழுத்தலை. பக்கத்து வீட்டுக்காரங்க அழுத்தினது. பாதி நாள் சாப்பிடவே இல்லை, இப்பத்தான் பதினோரு நாளா முழுசாச் சாப்பிடறாங்க."

டாக்டர் நம்பவில்லை. "இதைச் சோதிச்சுப் பார்த்துத்தானே கொடுத்தாங்க? ரிப்போர்ட் இருக்கே. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு."

"அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அழிச்சேன்."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடினாள்.

பேராச்சி பிழைத்தாள். தலைக்குள் கசிந்த ரத்தம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மாரிக்கண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். அக்காவைத் திரும்பிப் பார்க்காமல், அம்மாவின் வலது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கோகிலவாணிக்கு.

மறுநாள் அனந்தநாராயணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பெரிய டாக்டர்கள் திங்கட்கிழமை கூடிப் பேசுவார்கள், அதுவரை நோயாளிகளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அன்று வியாழன். நடுவில் நான்கு சாயங்காலம் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் நம்பர் அவளிடம் இல்லை. அவள் சோதித்த மற்ற பதினோரு பேரின் நம்பர் மட்டும் நோட்டில் இருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"மாத்திரை தினமும் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடுதேம்மா." பானுமதி சொன்னாள். காட்கோபருக்குக் குடிபோன ஒருவர் சொன்னார். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் குரல்கள் பவ்வியமாகின. 'உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்' என்றார்கள். மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லக் கேட்டால், இருங்கள் என்று போய், சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். யார் சொன்னது நிஜம், யார் சொன்னது மரியாதை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்ப்பதற்கு அங்கே விரலும் இல்லை.

பதினோராவது ஆள் பூலோகம். தாராவி லேபர் கேம்ப்பில் செருப்புத் தைக்கிறவர்.

"அண்ணாச்சி, பச்சைப் பொத்தானை நீங்கதான் அழுத்தறீங்களா?"

"பொறவு? ஒரு நாளும் விடலம்மா."

"நான் கோவிச்சுக்க மாட்டேன். டாக்டர்ட்டயும் சொல்ல மாட்டேன். நெசமாச் சொல்லுங்க, மாத்திரை சாப்பிடறீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்க? ஒழுங்காத்தான் சாப்பிடுதேன்" என்று சிரித்தார் பூலோகம். "ஆனா ரத்தம் இன்னும் கெட்டியாவே இருக்காம். நேத்துத்தான் டாக்டரம்மா ரெண்டாக் கூட்டிருக்காவ. இன்னைக்கிலருந்து போடணும்."

மணி ஆறேகால்; ஏழுக்குள் அவர் மாத்திரை அட்டையை அவளே எண்ணிப் பார்த்தாக வேண்டும். கோகிலவாணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கி, லேபர் கேம்ப்புக்கு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.