சிலம்பரசனின் நாற்பது விநாடி

என் மனைவியின் தம்பி சிலம்பரசன், சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே ஒரு பஸ் டிக்கெட் கம்பெனிக்கு ஜாவா புரோகிராம் எழுதுகிறான். கோயில் தரிசன நாட்களில் ஆப்பில் கூட்டம் ஏறினால் புதிய சர்வர்கள் தானாகத் திறக்கும். ஒவ்வொன்றிலும் புரோகிராம் கிளம்ப நாற்பது விநாடி ஆகும். அதற்குள் ஆட்கள் வேறு ஆப்புக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பத்து விநாடிக்குக் குறைக்காவிட்டால் வேலை சென்னை டீமுக்குப் போய்விடும் என்றார் மேனேஜர். அவனைச் சிபாரிசு செய்தவன் நான். தோஹாவிலிருந்து ஓயாமல் போன் போட்டேன்.

"மாமா, மேனேஜரே ஒரு நாளைக்கு ஒரு தடவதான் கேக்குறாரு."

புரோகிராம் கிளம்பும்போது படிக்கவேண்டியதை முன்கூட்டியே படிக்கவைத்து, ஒரு கோப்பாக்கி, அதோடு சேர்த்துச் சர்வருக்கு அனுப்பியிருந்தான். அவன் லேப்டாப்பில் ஒன்பது விநாடி. சர்வரில் அதே நாற்பது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான்.

வெள்ளி மதியம்தான் பிடிபட்டது. லேப்டாப்பில் இருந்த ஜாவா பதிப்பு வேறு, சர்வரில் வேறு. லேப்டாப்பில் செய்த கோப்பு பொருந்தாததால் சர்வர் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, பழையபடி எல்லாவற்றையும் படித்திருக்கிறது.

"ஒரு எர்ரர் காட்டியிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேன் மாமா."

சர்வரின் ஜாவாவிலேயே கோப்பை மறுபடி செய்தான். ஒன்பது விநாடி. வேலை தப்பியது.

"இதுக்கா மூணு நாளு?" என்றாராம் மேனேஜர். அதைச் சொன்னபோது அவன் குரலில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி.