இருபத்தாறில் பிடித்த பந்து

அந்த ஆளை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். போதும்.

அதற்கு முன்பு நான்கு மாதம் அவர் பேச்சுதான் வீட்டில். என் மகள் அப்போது பத்தாவது. பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் ஆடுவாள். ஆட்டத்தையே தொழிலாக வைத்துப் பேர் வாங்கினவர் அவர். டிவியில் வருகிறவர். எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவராம். நம்ம ஊருக்கு வந்து கிரவுண்டைத் திறந்து வைப்பார், பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்துச் சென்னையில் அவர் நடத்தும் அகாடமிக்கு எடுப்பார் என்று சொன்னார்கள். தங்கும் இடம், சாப்பாடு, பிளஸ் டூ படிப்பு எல்லாம் இலவசம்.

அவளுக்கு அப்பா இல்லை. நான் உப்பளத்தில் கூலி. பத்தாவது பரீட்சை முடிவதற்கு முன்பே மேஸ்திரி கேட்டுவிட்டார், "பொண்ணு எப்ப வருது வேலைக்கு?" என்று. அதை வீட்டில் சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள். உப்பில் நின்று நின்று பாதம் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்ட கால். "எனக்கு இந்தக் காலு வேணாம்மா" என்றாள். சண்டை போடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

அகாடமிக்கு எடுக்கும்போது அந்த ஆளின் சாதனைகளைக் கேட்பார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பரீட்சைப் பாடத்தோடு அதையும் சேர்த்து மனப்பாடம் செய்தாள். நான் குழம்பு வைக்கும்போது பின்னால் உட்கார்ந்து ஒப்பிப்பாள். ஒரே மேட்சில் அதிக பாயிண்ட். ஒரே சீசனில் அதிக ரீபவுண்ட். கேப்டனாக வாங்கிய கப்புகள். சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. தவறாமல் தொடர்ந்து போட்ட ஃப்ரீ த்ரோ நாற்பத்து மூன்று.

"ரீபவுண்டுன்னா இன்னாடி?"

"போர்டுல பட்டுத் திரும்பி வர்ற பந்தைப் புடிக்கிறதும்மா."

அடுத்தவன் போட்டு விழாமல் போனதை இவர் பிடிப்பாராம். அதையும் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரீ த்ரோ மட்டும் எனக்குப் புரிந்தது. யாரும் மறிக்க மாட்டார்கள். கோட்டில் நின்று நிதானமாகப் போட வேண்டியது. அதில்தான் என் மகள் கெட்டி. ஆள் கட்டை. ஓட்டத்தில் உயரமான பெண்கள் பந்தைப் பறித்துவிடுவார்கள். கோட்டில் நின்றுவிட்டால் யார் பறிப்பது?

கிரவுண்டைப் போட்டது நாங்கள்தான். முதலாளி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உப்பு விளையாத அளம் ஒன்றைக் கொடுத்தார். சிமெண்ட் போடக் கொடுக்கவில்லை. ஜனவரியில் எங்கள் பாத்திகளை மிதிக்கும்போதே அதையும் மிதித்தோம். களிமண்ணில் தண்ணீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, குதிகாலை அழுத்தாமல் பாதம் முழுக்க வைத்து, நாள் கணக்கில் மிதிப்பது. காய்ந்தால் தரை பலகை மாதிரி நிற்கும். பி.டி. சார் வந்து பார்த்துவிட்டு, "சுத்தி எல்லைக் கோடு வேணும்" என்றார். ஆண்கள் சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு எடுத்துவிட்டார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எங்களுக்கு நல்ல தரை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாத தரை. அதைத்தான் போட்டுக் கொடுத்தோம்.

பந்து அதில் அவ்வளவாக எம்பாது. அதனால் என் மகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை விட்டுவிட்டாள். கோட்டில் நின்று போடுவாள், ஓடிப்போய் எடுத்து வருவாள், மறுபடியும் போடுவாள். செருப்பில்லாமல்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை கொட்டியது. ஏப்ரலில் எதிர்பார்க்காத மழை. ஒரு வார உப்பு பாத்தியிலேயே கரைந்துவிட்டது. காலையில் கிரவுண்டைப் போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஓரத்தில் கட்டியிருந்த பேனரில் அந்த ஆள் ஆளுயரத்துக்கு மேலே நின்றார். பக்கத்தில் அவர் சாதனைகள் வரிசையாக, நம்பரோடு. தண்ணீரில் அவர் தலைகீழாகவும் தெரிந்தார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரைக்கு வந்தார். வெள்ளை ஷூ. வரப்புக்கு வெளியிலேயே நின்று பார்த்தார்.

"இது கிரவுண்டா?" என்று கூட வந்த உதவியாளரிடம் கேட்டார். பி.டி. சார் இளித்தார்.

"இதுல செலக்‌ஷன் வெக்க முடியாது. ஃபங்ஷனை மட்டும் முடிச்சிக்கலாம்" என்றார் அந்த ஆள்.

என் மகள் என்னைப் பார்த்தாள்.

நான் கூட்டத்தில் இருந்த எங்கள் ஆட்களைப் பார்த்தேன். உப்பு வாரும் பலகைகளை எடுத்து வந்தோம். தாழ்ந்த பக்கம் வரப்பை வெட்டி மடை திறந்துவிட்டுத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தோம். எங்கள் அளத்தில் உப்புக் கரைந்த தண்ணீர் அங்கே அப்படியே கிடந்தது. இங்கே இவருக்காகத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மேடையில் மைக்கில் அவர் சாதனைகளைப் படித்தார்கள். ஒரு விருதை வாசித்தவர் இரண்டு முறை என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நாற்காலியிலிருந்தே கையைத் தூக்கி, "மூணு" என்றார். வாசித்தவர் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

என் பக்கத்தில் பலகை தள்ளியவள் என்னைவிடச் சின்னவள். "நாமளும் ஒரு பேனர் வெச்சிக்கலாமாக்கா? அதிக கூடை தூக்கினவங்கன்னு?"

"படத்துக்கு எவ நிக்கறது? தள்ளு."

படித்து முடிப்பதற்குள் தரை வந்துவிட்டது. ஈரம்தான். ஆனால் கால் பதியவில்லை. அவர் உதவியாளரைப் பார்த்துத் தலையாட்டினார். உதவியாளர் டேப்பை எடுத்துக் கூடைக் கம்பத்தில் உயரத்துக்கு ஒரு கோடு போட்டார். பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். கோட்டைத் தொட்டவர்கள் இந்தப் பக்கம், தொடாதவர்கள் அந்தப் பக்கம். பந்தை யாரும் தொடவில்லை. என் மகள் ஒரு விரல் அளவு குறைந்தாள். அந்தப் பக்கம்.

அவள் அங்கே போகவில்லை. நேராக அந்த ஆளிடம் போனாள். "சார், ஃப்ரீ த்ரோ போட்டுக் காட்டட்டுமா?"

முதலாளி பக்கத்தில் இருந்தார். கேமரா இருந்தது. "போடும்மா, பாக்கலாம்" என்றார் அந்த ஆள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று போட்டோவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்.

அவள் போட்டாள். விழுந்தது. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி பந்தை எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. வரப்பில் பலகையோடு நின்ற நாங்கள்தான் பார்த்தோம். லாரியில் உப்பு ஏற்றும்போது ஒருத்தி எண்ணைச் சொல்ல மற்றவர்கள் இழுத்துத் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். ஐந்தாவது பந்தில் யாரோ அதை ஆரம்பித்தார்கள். ஒருத்தி "ஆறு" என்பாள். பத்துப் பேர் "ஆறேய்" என்போம். பந்து விழும். ஒருத்தி "ஏழு" என்பாள்.

பதினைந்து தாண்டியதும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. இருபதில் அந்த ஆள் திரும்பினார். அவர் அவள் கையைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்க்கவில்லை. எண்ணுகிற எங்கள் வாயைப் பார்த்தார்.

இருபத்தாறு விழுந்தது. பந்து உருண்டு வரப்போரம் வந்தது. அந்த ஆள் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

"போதும்மா. டைம் ஆச்சு. வெரி குட்."

எங்களில் மூத்தவள் ஒருத்தி. யாருக்கும் பயப்படாதவள். "ஏம்பா, இன்னும் ஒண்ணுகூட தப்பல. நீ ஏன் புடிச்சிக்கினே?" என்றாள்.

"மேட்ச்ல போடறது வேற, பாட்டிம்மா. இது சும்மா."

"சரி, சும்மா நீ ஒண்ணு போடு. பாப்போம்."

சிலர் கை தட்டினார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். "முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கேன்" என்றார்.

"பந்து கையாலதான போடறது?"

அவர் சிரித்தார். பையிலிருந்து பேனா எடுத்துப் பந்தில் கையெழுத்துப் போட்டு என் மகளிடம் நீட்டினார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் என் மகள் பந்தை வாங்கிக்கொண்டு வேறெங்கேயோ பார்க்கிறாள். கூடையைத்தான் பார்க்கிறாள். இருபத்தேழாவது பாக்கி.

கார் கிளம்பிப் போனது. பெரிய ஆட்டக்காரர். மூன்று முறை விருது. ஒரு பெண் இன்னும் பதினெட்டுப் பந்து போட்டு அவருடைய நாற்பத்து மூன்றைத் தாண்டிவிடுவாளோ என்று பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அது எந்தப் பேனரிலும் வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரு வாரத்தில் பி.டி. சார் லிஸ்ட் கொண்டு வந்தார். மூன்று பேர், மூன்று பேரும் உயரம். பிரம்மதேசம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல பிள்ளைகள். என் மகள் பேர் இல்லை. அவள் லிஸ்டை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள்.

பேனரை நான் அவிழ்த்து வந்தேன். மறுபடியும் மழை வரும்போல் இருந்தது. மேஸ்திரியிடம் கேட்டு உப்புக் குவியல் மேல் போர்த்திக் கல் வைத்தேன். நல்ல கனமான ஷீட். ஒழுகவில்லை. முகத்தை உள்பக்கமாகப் போட்டேன். வெயிலில் வேலை செய்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அதைப் பார்க்க என்னால் முடியாது.

மே மாதம் என்னோடு அளத்துக்கு வந்தாள். "லீவுக்கு மட்டும்" என்று மேஸ்திரியிடம் அவளே சொல்லிவிட்டாள். மாலையில் கிரவுண்டுக்குப் போவாள். உப்புக் களிமண்ணில் பட்டுப் பட்டு நான்கே நாளில் பந்தில் இருந்த கையெழுத்து போய்விட்டது.

ஒருநாள் விண்ணப்பப் பாரம் ஒன்று கொண்டு வந்தாள். விழுப்புரத்தில் அரசாங்க விளையாட்டு விடுதிக்குச் சேர்க்கை. அங்கேயும் உயரம் கேட்டிருந்தது. கதவில் சாய்த்து நிறுத்தி அளந்தேன். அதே அளவுதான். உள்ளதை எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே "சாதனைகள்" என்று நாலு கோடு காலியாக விட்டிருந்தார்கள்.

"இதுல இன்னாம்மா எழுதறது? எனக்குக் கப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"இருபத்தாறுன்னு எழுது."

"எதுலன்னு கேப்பாங்களே."

"ஃப்ரீ த்ரோ. தொடர்ந்து. தப்பாம."

"அதுக்கு மேல ஏன் போடலன்னு கேட்டா?"

"பந்தைப் புடிச்சிக்கினாங்கன்னு சொல்லு. யாருன்னு கேட்டா பேரையும் சொல்லு."

அவள் முதல் கோட்டில் எழுதினாள். மற்ற மூன்று கோட்டையும் காலியாக விட்டாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தோம்.