வண்டிக்கு வந்த முகப்பரு

ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை கிடைத்ததிலிருந்து அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. மாமா வந்ததில் எனக்கு எல்லாமே லாபம், ஒன்றைத் தவிர. காலையில் குளியலறைக் கண்ணாடியை அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சேரப்பணஞ்சேரி கூட்ரோட்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம்வரை அதன் முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார். அழகு பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ, ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக எங்கே பரு கிளம்பியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

மாமாவின் முகம் எங்கள் தெருவுக்கே பொதுச்சொத்து. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அம்மா மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசினாள். பக்கத்து வீட்டு அக்கா டூத்பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு படுக்கச் சொன்னாள். விடிந்ததும் பரு அப்படியே இருந்தது, கூடவே புதினா வாசமும் இருந்தது. கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும் என்பார் அப்பா. ஆனால் கல்யாணத்துக்கே அந்தப் பருதான் குறுக்கே நின்றது. ஜாதகம் பார்த்து, பொருத்தம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம், காபி குடித்துவிட்டு மாமாவின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஒரே ராத்திரியில் மாமாவின் கிரகங்கள் எல்லாம் எப்படி இடம் மாறின என்று அப்பா வியந்தார். மாமா அன்று சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் மெடிக்கல் ஷாப்பில் யாரையும் கேட்காமல் ஒரு டியூப் வாங்கி வந்தார். கம்பெனியில் பாதிப்பேர் அதைத்தான் பூசுகிறார்களாம். முதல் வாரம் முகம் பளபளவென்று ஆனது. மாமா சட்டையை இன் செய்துகொண்டு தெருவில் காரணமில்லாமல் நடந்தார். இரண்டொரு மாதத்தில் முகம் முழுக்கச் சிவந்து, அடுப்பு முன்னால் நின்றவர் மாதிரி எரிகிறது எரிகிறது என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பருக்கள் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆடி பிறக்கப்போகிறது, ஆடி கழிந்து ஆவணியில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நல்ல காரியத்துக்கு ஆடி ஆகாது என்று ஊரே அலுத்துக்கொள்ளும். மாமா ஒருவர்தான் ஆடி வந்ததற்குச் சந்தோஷப்பட்டவர். முகத்தைச் சரிசெய்ய ஒரு மாதம் முழுசாகக் கிடைத்ததே!

தோல் டாக்டரிடம் போவது என்று முடிவானது. ஆனால் ஆம்பிளைப் பிள்ளை மூஞ்சிக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று ஷிப்டில் தெரிந்தால் ஓட்டியே கொன்றுவிடுவார்கள். நல்லவேளையாக என் கன்னத்தில் வெளுப்பாய் ஒரு தேமல் இருந்தது. வயிற்றில் பூச்சி என்று சொல்லி எல்லாரும் எனக்குக் கசப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்கில் வரவேற்பில் இருந்த அக்கா யாருக்கு என்று கேட்டதும், மாமா என்னை முன்னால் தள்ளினார்.

"பாப்பாவுக்குத்தான். நா சும்மா கூட வந்தேன்."

டாக்டரம்மா என் கன்னத்தை ஒரு பார்வை பார்த்தார். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தோல் வறட்சி, ஈரப்பதம் தரும் கிரீம் தடவினால் போதும் என்று ஒரே வாக்கியத்தில் எனக்குக் கசப்பு மாத்திரையிலிருந்து விடுதலை கொடுத்தார். பிறகு நாற்காலியை மாமா பக்கம் திருப்பினார்.

"சும்மா கூட வந்தவரு எந்த டியூப் பூசறீங்க?"

மாமா பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து வைத்தார். திருடிய பொருளை ஸ்டேஷனில் ஒப்படைப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். டாக்டரம்மா அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அதில் இருப்பது ஸ்டீராய்டு, கண்டபடி பூசினால் தோல் மெலிந்து இப்படித்தான் எரியும், பருவும் கூடும் என்று திட்டினார். ஆனால் திட்டியதோடு விடவில்லை. முதலில் எரிச்சல் அடங்க மருந்து, பிறகு உள்ளே அடைத்துக்கொண்டதை ஊசிமுனையால் எடுப்பது, ஆடிக் கடைசியில் மெல்லிய அமிலம் தடவிப் பழைய தோலை உரிய வைப்பது என்று வரிசையாகச் சொன்னார். அமிலம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வாராவாரம் போனோம். மாமா கண்ணை மூடிப் படுத்திருக்க, கிளினிக் அக்கா விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்வார். எனக்கு வெளியே டீவியில் கார்ட்டூன். முகம் உண்மையிலேயே அடங்கத் தொடங்கியது. ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அமிலமும் தடவினார்கள். நாலைந்து நாள் தோல் உரியும், பிய்க்கக் கூடாது. வெயில் பட்டால் கறுத்துவிடும், அதனால் இந்த வெயில் கிரீமைத் தாராளமாகப் பூசுங்கள், மத்தியானம் இன்னொரு முறை பூசுங்கள் என்றார் டாக்டரம்மா. மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கிரீமை லஞ்ச் பையில் வைத்துக் கம்பெனிக்கே எடுத்துப்போனார்.

மாமாவுக்கு வேலை பெயின்ட் ஷாப்பில். பெயின்ட் அடிக்கும் அறைக்குள் வண்டி போவதற்கு முன் அதன்மேல் ஒரு தூசு இல்லாமல் துணியால் துடைத்துவிடுவது அவர் பொறுப்பு. உள்ளே போகிறவர்கள் தலைக்கு எண்ணெய், பவுடர், சென்ட் எதுவும் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். மாமா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த கிரீமை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அது மருந்தல்லவா?

இரண்டு நாள் கழித்து ஷிப்ட் முடிந்து வந்தவர், ஷூவைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, வண்டிக்கு மொகப்பரு வந்துக்கீது" என்றார்.

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். பெயின்ட் அடித்த பானெட்டிலும் கதவிலும் குட்டிக் குட்டியாகப் பள்ளம் பள்ளமாக விழுகிறதாம். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடினால் அப்படித்தான் ஆகுமாம். லைனை நிறுத்தி, எல்லாருடைய தலையையும் கையையும் முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். மாமாவின் கிரீமுக்கோ வாசனையே கிடையாது. கடைசியில் மாமாவோடு நிற்கும் ஒடிசாக்காரப் பையன்மேல் பழி விழுந்தது. ரூமில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருப்பான் என்று சூப்பர்வைசரே முடிவுகட்டி, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டாராம். காண்ட்ராக்ட் பையன், கேட்க நாதியில்லை.

"அவன் மொட்டை அடிச்சிகினு கீறான்க்கா. மொட்டைத் தலையில எவன் எண்ணெ வச்சிப்பான்?" என்று மாமா அங்கலாய்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மனசு சரியில்லாதபோதெல்லாம் மாமா பைக்கைக் கழுவுவார். அன்று சாயங்காலமும் கழுவினார். நான் என் பங்குக்குப் பைக் கண்ணாடியில் முகம் பார்த்தேன், கன்னத்தை அதில் வைத்து அழுத்தி, மூக்கைச் சப்பையாக்கி அழகு காட்டினேன். கிளினிக்கில் எனக்குக் கொடுத்த கிரீம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருந்ததால், மாமாவுடைய வெயில் கிரீமை அன்று நானே எடுத்துத் தாராளமாக அப்பியிருந்தேன். மாமா என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிமேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கண்ணாடி முழுக்கப் பரவியது. என் கன்னம் பட்ட இடத்தில் மட்டும் நிற்காமல் விலகி விலகி ஓடியது.

மாமா இன்னொரு குவளை ஊற்றினார். மறுபடியும் அப்படியே. என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைப் பெட்ரோல் டேங்கில் தேய்த்து, அதன்மேலும் ஊற்றிப் பார்த்தார். அப்புறம் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தன் முகத்தைத் தடவிக்கொண்டார். முகத்தை அடிக்கொருதரம் தொட்டுப் பார்ப்பது பரு வந்த காலத்திலிருந்து அவருக்குப் பழக்கம். தொட்ட கையோடுதான் கம்பெனியில் வண்டி துடைக்கும் துணியையும் எடுத்து மடிப்பார்.

அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேச்சு நடந்தது. மாமாவை நிரந்தரமாக்கும் ஆர்டர் அந்த மாதம் வரவேண்டியது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டியது. "கிரீமை நிறுத்திடு, பள்ளம் தானா நின்னுடும். நீயா போயி ஏன்டா வாய் குடுக்குற?" என்றார் அப்பா. வேலை போய்விட்டால் எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா அழுதாள். மாமா காலையில் கண்ணாடி பார்க்காமலே பஸ்ஸுக்குப் போனார். அன்று நான் நிம்மதியாகப் பல் துலக்கினேன்.

போய் நேராகச் சூப்பர்வைசரிடம் கிரீமை எடுத்து வைத்துவிட்டார். அந்த மனிதர் ஷாப் முழுக்கக் கேட்கும்படி கத்தி, மெமோ கொடுத்து, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து அனுப்பினார். வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரம் தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. ஷிப்டில் எல்லாரும் அவரை ஹீரோயின் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா, "எந்த வேலைன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்று தலையில் தட்டிக்கொண்டு, அந்தப் பசை இல்லாத வேறு கிரீமை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அது வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

வெயில் கிரீமும் இல்லாமல், கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் வெயிலில் நடந்த அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. நெற்றி கறுத்து, கன்னத்தில் தோல் சுண்ணாம்பு உதிரும் சுவர்போலத் திட்டுத் திட்டாக உரிந்துகொண்டிருந்தது. வாலாஜாபாத் போகும் வழியெல்லாம் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். யாராவது மாமா முகத்தைப் பற்றிக் கேட்டால் வெயிலில் வந்தார் என்று சொல்ல வேண்டும். கம்பெனி விஷயம் மூச்சுவிடக் கூடாது. சாமி படத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும் என்னைப் பெண் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார்.

"உங்க மாமா மூஞ்சி இன்னா, இப்டி உரியுது?"

"வெயில்ல வந்தாரு" என்றேன்.

"நாங்கூடத்தான் டெய்லி வெயில்ல போறேன். எனக்கு உரியலியே?"

நான் முறுக்கைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். எனக்கு ரகசியம் வயிற்றில் நிற்காது, அன்றைக்கும் நிற்கவில்லை. டியூப், அமிலம், வண்டிக்கு வந்த பரு, மொட்டைப் பையன், பைக் கண்ணாடி, மெமோ, ஹீரோயின் வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். முதலில் அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த ஒடிசாப் பையன் இப்போ வேலைக்கு வர்றானா?"

வருகிறான் என்றேன்.

"மாமா சொன்னாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது, மாமா சொல்லவேயில்லை, ஷாப்பில் கத்தியபோது அவன் அங்கே இல்லை, தமிழும் அவனுக்குப் புரியாது, சூப்பர்வைசர் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டார் என்றேன். அந்த அக்கா அவன் எங்கே தங்கியிருக்கிறான், ஒருநாள் சம்பளம் போனதா என்று மறுபடியும் அவனைப் பற்றியே கேட்டார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் காபித் தட்டோடு கூடத்துக்குப் போனார். நிமிர்ந்து மாமாவின் முகத்தை நன்றாகவே பார்த்தார்.

திரும்பி வரும்போது நான் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. சத்தியத்தை மீறியதில் சாமி கண்ணைக் குத்துமோ என்ற பயம் ஒருபுறம். மாமாவுக்கு இந்தச் சம்பந்தமும் போச்சே என்ற துக்கம் மறுபுறம். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது, பெண்ணுக்குச் சம்மதமாம். மாமா பைக்கை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார், இந்தத் தடவை பாடிக்கொண்டே. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு நேரம் பேசியும் அந்த அக்கா மாமாவின் சம்பளம் என்ன, குணம் எப்படி, குடிப்பாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒரு மொட்டைப் பையனைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். மாமா பாவம், அவர்மேல் துளியும் அக்கறை இல்லாத ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாரே என்று அன்று போர்வைக்குள் அழுதேன். அத்தை அன்று கேட்டது முழுக்க மாமாவைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.