'மற்றவை' என்று ஒரு கட்டம்

மாதாந்திர அட்டவணை அடிக்கிற வேலையில் எண்கள் எத்தனை வந்தாலும் சமாளிக்கலாம். புதிதாக ஓர் ஊர் வந்தால் போச்சு. தட்டச்சு இயந்திரத்தின் முன் முதுகு ஒடிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், கல்யாணத்துக்கு முன், மலாக்காவில் ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை. நடமாடும் மருந்து வண்டி கொண்டுவரும் நோயாளிச் சீட்டுகளை எண்ணி, நோய்களை இடப்பக்கமும் ஊர்களை மேலே தலைப்பாகவும் போட்டு அடிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வண்டி எந்த ஊருக்குப் போகும் என்று மேலிடம் முடிவு செய்யும்.

பதின்மூன்றாவது ஊர்

பன்னிரண்டு ஊருக்குக் கட்டம் அளந்து ஸ்டென்சில் அடித்து முடித்திருந்தேன். எங்கள் தலைமை எழுத்தரான பெரிய கிராணி இன்னொரு சீட்டுக்கட்டோடு வந்து நின்றார். ஓர் ஊர் கூடினால் எல்லாக் கட்டத்தையும் குறுக்கி முதலிலிருந்து அடிக்க வேண்டும். முந்தின மாதம்தான் இரண்டு ஊர் கூடி, ஒன்று கழிந்திருந்தது. கான்வென்டில் பழகிய அத்தனை மரியாதையையும் மறந்து முறைத்தேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"புதுசா ஒரு ஊரு சேர்ந்திருக்கு மிஸ். மத்த ஊரையெல்லாம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லுங்க."

தேவியின் சோங்காக்

சீட்டு பிரிப்பவள் தேவி, எங்கள் ஊர் காஜா பெராங்கில் தலைமுறைகளாக இருக்கும் மலாக்கா செட்டிப் பெண். வம்சம் தமிழானாலும் பேச்செல்லாம் மலாய். நம் பல்லாங்குழி மாதிரியான சோங்காக் ஆடுகிற பலகையை மேசைமேல் வைத்து, குழிக்கு ஓர் ஊராகச் சோழி போட்டு எண்ணுவாள். குழி போதாவிட்டால் வீட்டிலிருந்து கிண்ணம் வரும்.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று பெயர் வைத்து, இனி வருகிற ஊரெல்லாம் அதற்குள் என்று விதி செய்துவிட்டேன். பெரிய கிராணி மெச்சினார். தேவி மட்டும் கையிலிருந்த சோழியைப் போடாமல் மலாயில் கேட்டாள்.

"பேரில்லாத கிண்ணத்துல கொட்டிட்டா, அப்புறம் யாருது எதுன்னு எப்படி எடுப்பே?"

கவுண்டரில் ஒரு தாய்

ஆறு மாதம் நிம்மதி. அப்புறம் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் லயத்து வீடுகளிலிருந்து ஒருத்தி, காதில் பஞ்சு வைத்த மகளோடு வந்தாள். சீழ் வடிகிற காதுக்கு மருந்து வண்டியில்தான் சொட்டு விடுவார்களாம். இரண்டு மாதமாக வண்டியே இல்லை. அட்டவணையில் பெயரில்லாத ஊர்களுக்கு வண்டி போவதை மேலிடம் நிறுத்திவிட்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள்; அந்தக் காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

முன்னமே ஆஸ்பத்திரிக்குப் போகாதது யார் தப்பு என்று கேட்டேன். ஆமாம், அதைக் கேட்டது நான்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வண்டி வரும் வரும்னு ரோட்டோரமே நின்னோம்மா. எங்க லயத்துப் பேரு உங்க தாள்ல இல்லேன்னு யாரும் சொல்லலியே."

அன்றே தேவியும் நானும் பழைய சீட்டுகளைப் பிரித்து, 'மற்றவை'க்குள் கிடந்தவையும் சேர்த்துப் பதினாறு ஊருக்கும் பெயர் அடித்து அனுப்பினோம். வண்டி திரும்பப் போனது.

வேலையை விட்டபோது பெரிய கிராணி கொடுத்த நற்சான்றிதழில் நான் அட்டவணைகளை எளிமையாக்கியதாக எழுதியிருந்தது. அது இன்னும் பீரோவில் இருக்கிறது, யாரிடமும் நான் காட்டியதில்லை.