கொழுந்து நிறுக்கிற கை

ஆண்ட்ரூவுக்கு இரண்டு பிழைப்பு. வார நாளெல்லாம் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்துக் குன்னூர் போய், ஒரு பேக்கரி மாடியில் மந்திரத் திருடன் ஆகிவிடுவார்.

அங்கே நடப்பது ஒரு கதை விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம், காடு, கோட்டை, பூதம் எல்லாம் வாயாலேயே கட்டுவார்கள், நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவன் ஷிஜோ, அதே எஸ்டேட் ஃபேக்டரியில் மெக்கானிக். மற்றவர்கள் மந்திரம் போட்டால் 'போட்டாச்சு' என்பதோடு சரி. ஆண்ட்ரூ அப்படி விடமாட்டார். ஊரடங்கில் போனைப் பார்த்துப் பழகிய கைவித்தை இருந்தது. ஐந்து ரூபாய்க் காசை விரல் நுனியில் காட்டி, மூடித் திறந்தால் உள்ளங்கை வெறுமையாக இருக்கும். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல், வாரம் முழுக்க எடையை மட்டுமே கூவிக்கொண்டிருக்கும் மனிதரை நாலு பேர் வாய் பிளந்து பார்க்கும் ஒரே இடம் அது.

போன ஞாயிறு திருடன் வேஷத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டார். "கண்ணு முன்னாலயே எடுப்பேன். எடுத்தது உனக்கே தெரியாது." சொல்லிக்கொண்டே காசை மறைத்தார். ஷிஜோ அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் எடைக்கொட்டகையில் வழக்கமான சளசளப்பு இல்லை. கொழுந்து பறித்த பெண்கள் மூட்டைகளை இறக்கிவிட்டு நின்றார்கள். வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் அங்கம்மா, மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டாமல் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார். உள்ளேயிருந்து ஆண்ட்ரூவின் குரலே கேட்டது: எடுத்தது உனக்கே தெரியாது.

"ஏனுங்க சார், இது நீங்கதானுங்களே?"

"அங்கம்மாக்கா, அது விளையாட்டுங்க. வேஷம்."

"வேஷம் சரிங்க. கை யாருதுங்க?"

தொங்கும் மூட்டை ஆடாமலிருக்க, நிறுக்கிறவர் அடியில் கை கொடுப்பது வழக்கம். அந்தக் கை லேசாக மேலே தாங்கினால் போதும், எடை குறைந்துவிடும், கூலியும் குறையும். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை யாரும் கவனித்ததில்லை. இப்போது எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"அதான பாத்தேன்," என்றாள் பின்னால் நின்ற வேலாயி. "சுமந்துட்டு வாறப்ப முதுகு ஒடியுது. இங்க வந்து மாட்டுனா பஞ்சாட்டம் ஆயிருது."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நல்லவிதமாக இல்லை.

காசை எடுத்து வித்தையைப் பிரித்தே காட்டிவிடலாமா என்று ஆண்ட்ரூவின் கை சட்டைப் பைக்குப் போனது. காட்டினால், 'அம்மாடி, இந்தக் கை இவ்வளவு செய்யுமா' என்றுதானே நினைப்பார்கள்? கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அது பைக்குப் போய் வந்ததையும் அத்தனை பேரும் பார்த்தார்கள். மேனேஜர் காதுக்கு எட்டினால் வேலை போகும். வேலை போனாலும் தாங்கலாம். கள்ளத்தராசுக்காரன் என்ற பேரோடு இந்தப் பெண்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைக் கடந்து கோயிலுக்கு எப்படிப் போவது?

"கையத் தலைமேல வைங்க," என்றார் அங்கம்மா. "நாங்களே நிறுத்துக்கறோம்."

வைத்தார்.

அங்கம்மா மூட்டையை மாட்டினார். பள்ளத்திலிருந்து ஏறி வந்த காற்று அதை ஆட்டியது. தராசின் சிவப்பு எண்கள் பத்தொன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு அங்கம்மா அடியில் கை கொடுத்தார். இருபத்தொன்றில் நின்றது.

"நீ கீழ இழுக்கறே," என்றாள் வேலாயி.

"நானா?"

"பின்ன? ஃபேக்டரில மறு எடை போட்டுக் கொறஞ்சா எல்லார் தலையிலயும்தான விடியும்."

"அப்ப நீயே பிடி, மகராசி."

வேலாயி பிடித்தாள். எண் பத்தொன்பதுக்கு இறங்கியது. "உன் கட்டைவிரல் தூக்குது," என்று அங்கம்மா சொல்ல, வேறொருத்தி வந்தாள். அவளையும் நம்ப ஆளில்லை. வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். மூட்டைக்குள் அடைந்து கிடந்த கொழுந்தில் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் சிவந்துவிடும், ஃபேக்டரியில் வாங்கமாட்டார்கள். ஆண்ட்ரூ தலைமேல் கை வைத்தபடியே நின்றார். தோள் கடுத்தது.

அங்கம்மா தன் மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு ஆண்ட்ரூ பக்கம் திரும்பினார்.

"கைய இறக்குங்க. நீங்களே பிடிங்க. ஆனா நாங்க சுத்தி நின்னு பாப்போம்."

வரிசை கலைந்து வட்டமானது. குன்னூர் மாடியில் ஒருநாளும் இத்தனை கண்கள் இருந்ததில்லை. ஆண்ட்ரூ உள்ளங்கையை மூட்டையின் பக்கவாட்டில் வைத்தார். கை நடுங்கியது. எண்ணும் சேர்ந்து நடுங்கி, மெல்ல இருபதில் வந்து நின்றது.

"படத்துல நடுங்கலையேங்க," என்றார் அங்கம்மா.

"அங்க தப்புப் பண்ணுனா சாகறது வேஷந்தானுங்க, அக்கா."

அங்கம்மா எண்ணைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"சரி, நடுங்கட்டும்," என்றார். "நடுங்கற வரைக்கும் நீங்களே பிடிங்க. வேலாயி, உன்ற மூட்டைய மாட்டு."